பாடம் 12: பாறு எங்கே போச்சு?

படிக்கும் முன்

பபேடானில் நீங்க தினமும் என்னென்ன பறவைகளைப் பார்க்கிறீங்க? புறா, காக்கா, மைனா, சிட்டுக்குருவி. ஒரு தாளில் எழுதுங்க. அந்தப் பட்டியலில் கழுகு இருக்கா?

இன்னைக்கு நாம ஒரு பெரிய பறவையைப் பற்றிப் படிக்கப் போறோம். அதன் பெயர் பாறு. இது இந்தியாவில் நடந்த உண்மைக் கதை. இந்தக் கதையில் மாடு வரும், மருந்து வரும், நாய் வரும், அரசாங்கம் வரும். கடைசியில் நீங்களும் வருவீங்க.

1. பாறு என்ன பறவை?

பாறு கழுகு மாதிரி இருக்கும் பெரிய பறவை. சிறகை விரித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் இருக்கும். உங்க அப்பா கையை விரித்து நின்றாலும் அவ்வளவு அகலம் வராது!

பலர் இதைப் பிணந்தின்னிக் கழுகு என்று சொல்வாங்க. ஆனால் பாறு என்பதுதான் பழைய தமிழ்ச் சொல். சங்கப் பாடல்களிலேயே அது வருகிறது. ராமாயணக் கதையில் சீதைக்காகச் சண்டை போட்ட ஜடாயுவை நினைவிருக்கா? ஜடாயுவும் கழுகு இனம்தான்.

பாறு வேட்டையாடாது. உயிரோடு இருக்கும் கோழியையோ ஆட்டையோ தூக்கிக்கொண்டு போகாது. ஏற்கெனவே செத்துப்போன மிருகத்தை மட்டும்தான் சாப்பிடும். "ச்சீ!" என்று முகம் சுளிக்காதீங்க. அது செய்வது ரொம்ப முக்கியமான வேலை.

செத்த மாட்டின் உடம்பில் நோய்க் கிருமிகள் வளரும். அந்த இறைச்சியை நாம சாப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். பாறுக்கு ஒன்றும் ஆகாது. அதன் வயிற்றில் இருக்கும் அமிலம் அவ்வளவு பலமானது. பல கிருமிகள் அங்கேயே செத்துப்போகும். பாறுகள் கூட்டமாக வந்தால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் தின்று முடித்துவிடும். மிஞ்சுவது எலும்பு மட்டும்தான்.

இன்னொன்றையும் கவனிங்க. சில பாறுகளின் தலையிலும் கழுத்திலும் இறகு மிகவும் குறைவு. தலையை உள்ளே விட்டுச் சாப்பிடும்போது இறகில் ரத்தம் ஒட்டினால் சுத்தம் செய்வது கஷ்டம். மொட்டைத் தலை என்றால் சுலபம்!

2. சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர்

இந்தியாவில் மாடுகள் ரொம்ப அதிகம். 2019 கணக்கெடுப்பின்படி பசுவும் காளையும் எருமையும் சேர்த்து ஏறக்குறைய 30 கோடி. மியான்மரின் மொத்த மக்கள்தொகையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்!

ஒரு விவசாயியின் மாடு செத்தால் என்ன செய்வார்? பல ஊர்களில் அதை ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் போட்டுவிடுவாங்க. மேலே வானத்தில் பாறு வட்டம் போடும். ஒன்று கீழே இறங்கும். அதைப் பார்த்துத் தூரத்தில் பறக்கும் இன்னொன்றும் வரும். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டமே வந்துவிடும். மாடு காலியாகும். நாற்றமும் கிடையாது, நோயும் கிடையாது.

இதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. லாரியும் குழியும் தேவைப்படவில்லை. 1980களில் இந்தியாவில் சுமார் 4 கோடி பாறுகள் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

உங்க தாத்தா பாட்டியின் சொந்த ஊர் செங்கல்பட்டுப் பக்கமா? அப்படியானால் திருக்கழுக்குன்றம் பற்றிக் கேளுங்க. ஊர்ப் பெயருக்குள்ளேயே கழுகு இருக்கு. அங்கே மலைக்கோயிலில் மதிய நேரத்தில் குருக்கள் சோறு வைப்பார். இரண்டு பறவைகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். அவை மஞ்சள்முகப் பாறுகள். மக்கள் அதைப் பார்க்கக் கூட்டமாகப் போவாங்க. இப்போது அந்தப் பறவைகள் வருவதில்லை.

3. வானம் காலியாச்சு

ராஜஸ்தானில் பரத்பூர் என்ற ஊர் இருக்கு. அதன் பக்கத்தில் கேவலாதேவ் தேசியப் பூங்கா. அங்கே விபு பிரகாஷ் என்ற விஞ்ஞானி பறவைகளைக் கவனித்து வந்தார். 1980களில் அவர் நிறையப் பாறுக் கூடுகளைப் பார்த்தார். 1990களில் திரும்பவும் எண்ணினார். கூடுகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. மரத்தடியில் பாறுகள் செத்துக் கிடந்தன. சில பறவைகள் கிளையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன.

மற்ற மாநிலங்களிலும் இதே கதைதான். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு என்ற வகை 1992க்கும் 2007க்கும் நடுவில் 99.9 சதவீதம் குறைந்தது. இதை எப்படிப் புரிந்துகொள்வது? உங்க பள்ளியில் ஆயிரம் பேர் படிக்கிறாங்க என்று வையுங்க. ஒரு நாள் பள்ளிக்குப் போறீங்க. ஒரே ஒருத்தர்தான் இருக்கார். 99.9 சதவீதம் என்றால் அதுதான்.

4. துப்பறியலாம் வாங்க

ஏன் செத்தன? புது வைரஸா? பூச்சிமருந்தா? சாப்பாடு இல்லையா? சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. மாடுகள் இருந்தன.

நான் கணினிக்கு நிரல் எழுதும் வேலை செய்கிறேன். நிரலில் தப்பு வந்தால் நாங்க முதலில் கேட்கிற கேள்வி: "சமீபத்தில் எது மாறியது?" அந்த விஞ்ஞானிகளும் அதையேதான் கேட்டாங்க.

லிண்ட்சே ஓக்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் பாகிஸ்தானில் செத்த பாறுகளைச் சோதித்தார்கள். பல பறவைகளின் உடம்புக்குள் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருந்தது. சிறுநீரகம் கெட்டுப்போனால் பறவைகளுக்கு அப்படி ஆகும். கிருமி இருக்கா என்று பார்த்தாங்க. இல்லை. பூச்சிமருந்து இருக்கா என்று பார்த்தாங்க. அதுவும் காரணம் இல்லை.

பிறகு வேறு மாதிரி யோசித்தாங்க. பாறு சாப்பிடுவது மாடு. அந்த மாடு என்ன சாப்பிட்டது? மாட்டுக்கு என்ன மருந்து கொடுத்தாங்க? மாட்டு டாக்டர்களிடமும் மருந்துக் கடைகளிலும் விசாரித்தாங்க. ஒரு பெயர் கிடைத்தது: டைக்ளோஃபினாக்.

இது வலி மருந்து. மனிதர்களுக்கு முதுகு வலி, முட்டி வலி வந்தாலும் டாக்டர் கொடுப்பார். 1990களில் இது விலை குறைந்து, மாடுகளுக்கும் பரவலாகக் கொடுக்கப்பட்டது. மாட்டுக்கு வலி குறையும். கொடுத்தவங்க நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தாங்க. ஆனால் மருந்து கொடுத்த சில நாளில் மாடு செத்தால், மருந்து அதன் உடம்பிலேயே இருக்கும். அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் கெட்டுப்போகும். சில நாட்களில் பாறு செத்துவிடும்.

சோதனை முடிவைப் பாருங்க:

வெள்ளைப் படிவு இருந்த பாறுகள்: 25. அவற்றில் டைக்ளோஃபினாக் இருந்தவை: 25.
வெள்ளைப் படிவு இல்லாத பாறுகள்: 13. அவற்றில் டைக்ளோஃபினாக் இருந்தவை: 0.

இதைவிடத் தெளிவான பதில் வேணுமா? 2004ல் இந்த முடிவு வெளிவந்தது.

"எல்லா மாட்டுக்கும் மருந்து கொடுத்தாங்களா?" என்று நீங்க கேட்கலாம். நல்ல கேள்வி. அவசியமே இல்லை. நூற்றில் ஒரு செத்த மாட்டுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே போதும். ஏன்? ஒரு மாட்டைச் சாப்பிட ஒரு கூட்டமே வரும். அதோடு, பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆகும். வேகமாகச் செத்தால் ஈடுகட்டவே முடியாது.

5. பாறு போச்சு, நாய் வந்துச்சு

பாறு போன பிறகும் மாடுகள் செத்துக்கொண்டுதான் இருந்தன. யார் சாப்பிடுவது? தெருநாய்கள் வந்தன. எலிகளும் வந்தன. சாப்பாடு நிறையக் கிடைத்ததால் நாய்கள் பெருகின.

ஆனால் நாயின் வயிறு பாறின் வயிறு மாதிரி இல்லை. நாய் மாட்டை முழுதாகத் தின்னாது. மிச்சம் அழுகும். சில இடங்களில் அது ஆற்றிலும் குளத்திலும் கலக்கும். இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு: வெறிநோய். வெறிநோய் உள்ள நாய் கடித்தால், ஊசி போடாவிட்டால், நோய் மனிதருக்கும் வரும். நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

அனந்த் சுதர்சன், இயால் ஃபிராங்க் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டாங்க. பாறுகள் முன்பு நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும், எப்போதுமே அதிகம் வாழாத மாவட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாங்க. பாறு இருக்கும்வரை இரண்டிலும் மனிதர்களின் இறப்பு விகிதம் ஒரே மாதிரிதான் போனது. பாறு அழிந்த பிறகு, முதல் வகை மாவட்டங்களில் மட்டும் இறப்பு 4 சதவீதத்துக்கு மேல் கூடியது. 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024ல் எழுதினாங்க.

ஐந்து லட்சம் பேர்! ஒரு பறவை இல்லாமல் போனதால்.

அதனால்தான் "காட்டு விலங்கைக் காப்பது வேறு, மனிதருக்கு வைத்தியம் பார்ப்பது வேறு" என்று பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

6. அரசு என்ன செய்தது?

காரணம் தெரிந்தது. இனி என்ன செய்யலாம்? இந்திய அரசு ஒரு படி அல்ல, பல படிகள் ஏற வேண்டியிருந்தது.

முதல் படி, 2006. மாட்டுக்கு டைக்ளோஃபினாக் தயாரிக்கக் கூடாது என்று இந்திய அரசு தடை போட்டது. அதே ஆண்டு நேபாளமும் பாகிஸ்தானும் தடை செய்தன. மாட்டுக்கு வலி வந்தால் என்ன செய்வது? மெலாக்ஸிகாம் என்ற மருந்து பாறுக்குக் கெடுதல் செய்யாது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தாங்க. மாட்டுக்கும் நல்லது, பாறுக்கும் நல்லது.

இரண்டாம் படி, 2015. சிலர் மனிதருக்கான டைக்ளோஃபினாக் பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க. மனிதருக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். மாட்டுக்கு அது பத்தாது. அதனால் அரசு, "இனி 3 மில்லி புட்டியில் மட்டும்தான் விற்கணும்" என்று சொன்னது. சில மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் விதி சரிதான் என்று சொல்லிவிட்டது.

மூன்றாம் படி, 2023. கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபினாக் என்ற இரண்டு மருந்துகளும் பாறுக்கு ஆபத்து என்று தெரிந்தது. அவற்றையும் விலங்குகளுக்குக் கொடுக்கத் தடை வந்தது.

இதோடு பாறுகளை வளர்க்கும் மையங்களும் உண்டு. ஹரியானாவில் பிஞ்சோர் என்ற ஊரில் ஒரு மையம் இருக்கு. அதன் பெயர் என்ன தெரியுமா? ஜடாயு மையம்! அங்கே முட்டையைப் பொரிக்கவைத்து, குஞ்சை வளர்த்து, பெரிதானதும் காட்டில் விடுவாங்க.

நாய்க்கடிக்கும் ஒரு திட்டம் இருக்கு. 2021 செப்டம்பர் 28ல் இந்திய அரசு ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. 2030க்குள் நாய் மூலம் வரும் வெறிநோயால் யாரும் சாகக் கூடாது என்பது அதன் இலக்கு. அதற்கு ஒவ்வொரு ஊரிலும் நூற்றுக்கு எழுபது நாய்களுக்காவது தடுப்பூசி போடணும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். வெறிநோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடித்த லூயி பாஸ்டர் 1895ல் இறந்த நாள் அது.

7. நீலகிரிக்குப் போவோம்

தமிழ்நாட்டில் நீலகிரி மலை இருக்கு. அதன் அடிவாரத்தில் முதுமலைக் காடு. மாயாறு என்ற ஆறு அங்கே ஓடுகிறது. ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டும். தென்னிந்தியாவில் பாறுகள் அதிகம் மிஞ்சியிருக்கும் இடம் இதுதான்.

ஏன் இங்கே மட்டும் மிஞ்சின? காட்டுக்குள் அவை மான், காட்டெருமை ஆகியவற்றின் மிச்சத்தையும் சாப்பிடும். புலி அடித்துப் பாதி தின்றுவிட்டுப் போன மான் பாறுக்கு விருந்து. அதில் வலி மருந்து இருக்காது! இந்திய அரசு 1973ல் புலிகளைக் காக்கப் புலித் திட்டத்தைத் தொடங்கியது. 2007ல் முதுமலை புலிகள் காப்பகம் ஆனது. புலியைக் காத்தால் பாறுக்கும் சோறு கிடைக்கும்.

2022ல் தமிழ்நாடு அரசு பாறுகளைக் காப்பதற்கென்றே ஒரு குழு அமைத்தது. 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் பாறுகளை எண்ணின. 246 பறவைகள். அதே ஆண்டு டிசம்பரில் திரும்ப எண்ணினபோது 320. கோடிக்கணக்கில் இருந்த பறவைக்கு இது ரொம்பச் சின்ன எண். ஆனாலும் பூஜ்யம் இல்லை!

அதே நீலகிரி மலையின் மேலே குன்னூர் என்ற ஊர். அங்கே 1907ல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கினாங்க. அதற்கு முன் தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தால் இமயமலைப் பக்கம் இருக்கும் கசௌலிவரை ரயிலில் போகணும். போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். மலைக்குக் கீழே பாறுகள், மலைக்கு மேலே தடுப்பூசி. இரண்டுமே மனிதரைக் காக்கின்றன.

8. நம்ம யாங்கூனில்

மியான்மரிலும் பாறுகள் இருக்கு. ஆனால் ரொம்பக் குறைவு. இங்கே மருந்தைவிடச் சாப்பாடு குறைந்ததுதான் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்றாங்க. காட்டில் மான் குறைந்தால் பாறும் குறையும்.

நாய்கள்? அனவ்ரதா சாலையில் காளி கோயில் பக்கம் நடந்து பாருங்க. சந்துக்குச் சந்து நாய் படுத்திருக்கும். நிறைய நாய்கள் ரொம்ப சாது. மக்கள் சோறு போடுவாங்க. நாயைக் கல்லால் அடிப்பது தப்பு. நாய் நமக்கு எதிரி இல்லை. ஆனால் வெறிநோய் இந்த நாட்டிலும் இருக்கு. உலகத்தில் வெறிநோயால் இறப்பவர்களில் பத்தில் நாலு பேர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். அதனால் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்க:

தூங்கும் நாயை, சாப்பிடும் நாயை, குட்டி போட்ட நாயைத் தொடாதீங்க.
நாய் குரைத்து வந்தால் ஓடாதீங்க. அசையாமல் நில்லுங்க.
கடித்தாலோ, நகம் பட்டாலோ, காயத்தில் நாய் நக்கினாலோ உடனே குழாயடிக்குப் போங்க. சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க.
மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதையும் தடவ விடாதீங்க.
அன்றைக்கே பெரியவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போங்க. டாக்டர் சொல்லும் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்க.
"அம்மா திட்டுவாங்க" என்று பயந்து மறைக்காதீங்க. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சின்னக் கீறலாக இருந்தாலும் சொல்லுங்க.

சொல் பெட்டி

துப்புரவு – சுத்தம் செய்வது
கிருமி – கண்ணுக்குத் தெரியாத, நோய் தரும் சிறிய உயிர்
சிறுநீரகம் – ரத்தத்தைச் சுத்தம் செய்யும் உடல் உறுப்பு
தடுப்பூசி – நோய் வராமல் காக்கும் ஊசி
காப்பகம் – விலங்குகளைக் காப்பாற்றி வைக்கும் காடு
இலக்கு – போய்ச் சேர வேண்டிய இடம் அல்லது எண்
ஈடுகட்டுவது – குறைந்ததைத் திரும்ப நிரப்புவது

பேச்சும் எழுத்தும்

இந்தப் பாடத்தில் பேசும் தமிழும் எழுதும் தமிழும் கலந்து வருது. வீட்டில் பேசுவது இடது பக்கம். புத்தகத்தில் எழுதுவது வலது பக்கம்.

போச்சு – போயிற்று
வந்துச்சு – வந்தது
சொல்றாங்க – சொல்கிறார்கள்
இருக்கு – இருக்கிறது
கழுவுங்க – கழுவுங்கள்
இன்னைக்கு – இன்றைக்கு

பாடத்தைத் திரும்பப் படிங்க. இப்படி இன்னும் ஐந்து பேச்சுச் சொற்களைக் கண்டுபிடித்து, எழுத்து வடிவத்தில் எழுதுங்க.

கேள்விகள்

1. பாறின் தலையில் ஏன் இறகு குறைவு?
2. பாறுகள் செத்ததற்குக் கிருமி காரணம் இல்லை என்று எப்படித் தெரிந்தது?
3. 2006ல் தடை வந்த பிறகும் 2015ல் ஏன் இன்னொரு விதி தேவைப்பட்டது?
4. புலியைக் காத்தால் பாறுக்கு எப்படி உதவி?
5. மாட்டுக்கு வலி மருந்து கொடுத்த விவசாயி கெட்டவரா? உங்க கருத்தை மூன்று வாக்கியங்களில் எழுதுங்க.

வரிசைப்படுத்துங்க

நாய்கள் பெருகின / மாட்டுக்கு மருந்து கொடுத்தாங்க / பாறுகள் செத்தன / நாய்க்கடி கூடியது / பாறுகள் மாட்டைத் தின்றன

செய்து பாருங்க

பாறுக்கு பர்மிய மொழியில் என்ன பெயர் என்று பக்கத்து வீட்டு நண்பரிடம் கேளுங்க. தமிழ்ப் பெயரை நீங்க அவருக்குச் சொல்லிக்கொடுங்க. பிறகு, நாய் கடித்தால் என்ன செய்யணும் என்பதை ஒரு பெரிய தாளில் தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதி, படம் வரைந்து, உங்க மாடிப்படிப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்க. கட்டடத்தில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் படிக்கட்டும்.